கணக்கில் தோற்றவர் தந்த கார்

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் ஒரு மோரிஸ் மைனர் வந்து நின்றால் போதும், நடந்து போகிறவர்கள் உடனே கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். திருமண ஜோடிகள் அதன் மேல் சாய்ந்து படம் பிடித்துக்கொள்வார்கள். எண் பலகையில் ‘பி’ என்ற எழுத்தும் அதன் பின் நான்கு இலக்கங்களும் மட்டுமே இருந்தால், அந்தக் காடிக்கு மவுசு இன்னும் அதிகம். நம் தாத்தா காலத்து மனிதர்களுக்கு அது வெறும் அலங்காரப் பொருள் அல்ல. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரை, பெருநிலத்திலிருந்து வந்த கார்கள் பட்டர்வொர்த்தில் படகேறித்தான் தீவுக்கு வந்தன. அந்த வரிசையில் மோரிஸ் மைனரும் மினியும் அன்றாடக் காட்சி.

இந்த இரண்டு கார்களையும் உருவாக்கியவர் ஒரே மனிதர். அவர் பெயர் அலெக் இசிகோனிஸ்.

இன்றைய துருக்கியில் இஸ்மீர் என்று அழைக்கப்படும் நகரத்துக்கு அப்போது ஸ்மிர்னா என்று பெயர். அங்கே 1906 நவம்பர் 18-இல் அவர் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற கிரேக்கர். இயந்திரப் பட்டறை நடத்தியவர். தாய் ஜெர்மானியர். 1922-இல் போர் நெருங்கியபோது, பிரிட்டிஷ் குடிமக்களைக் கப்பலில் ஏற்றி மால்டா தீவுக்குக் கொண்டுபோனார்கள். பட்டறை போயிற்று. வீடும் போயிற்று. சிறிது காலத்திலேயே தந்தையும் இறந்துவிட, 1923-இல் தாயும் மகனுமாக இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். அகதியாக வந்த அந்தப் பையன் பிறகு திருமணமே செய்துகொள்ளவில்லை. 1972-இல் தாய் இறக்கும் வரை அவருடனேயே வாழ்ந்தார்.

லண்டனில் பேட்டர்சி தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். எஸ்.பி.எம். கணிதத் தாளை நினைத்தாலே கை நடுங்குகிற மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். கணிதத் தேர்வில் அவர் மூன்று முறை தோற்றார். பொறியியல் வரைபடத்தில் மட்டும் யாரும் அவரை நெருங்க முடியவில்லை. மனத்தில் தோன்றுவதைக் கையில் கிடைக்கிற காகிதத்தில் வரைந்து தள்ளுவார். பிற்காலத்தில் அவருடைய பொறியாளர்கள் அந்தக் கிறுக்கல்களை வைத்துக்கொண்டுதான் பாகங்களைச் செய்தார்கள். கணக்குப் போட்டுச் சரிபார்க்க அவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

1936-இல் மோரிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஒரு சிறிய குடும்பக் காருக்கு வேலை தொடங்கிவிட்டது. அதற்கு முதலில் வைத்த பெயர் ‘மொஸ்கிட்டோ’, அதாவது கொசு. உற்பத்திக்குப் போக வேண்டிய நேரத்தில், கார் மிகவும் ஒடுங்கலாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வரை நகர்த்தி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் கூடியது. அதற்குள் பம்பர்கள் தயாராகிவிட்டதால், அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டை வைத்து ஒட்டுப்போட்டார்கள். தொடக்க கால மைனர்களில் அந்த ஒட்டை இன்றும் பார்க்கலாம். அந்தத் துண்டு இருக்கிறதா என்று சேகரிப்பாளர்கள் குனிந்து தேடுகிறார்கள்.

நிறுவன அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்கு அந்தக் கார் பிடிக்கவே இல்லை. வேகவைத்த முட்டையைப் போல் இருக்கிறதென்று இகழ்ந்தார். 1948-இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த அந்த ‘முட்டை’, 1960 டிசம்பரில் 10 லட்சத்தைத் தொட்டது. பிரிட்டிஷ் கார் ஒன்று அந்த எண்ணிக்கையை எட்டியது அதுவே முதல் முறை. அதைக் கொண்டாட இளம் ஊதா நிறத்தில் ஏறக்குறைய 350 கார்களைத் தனியாகச் செய்தார்கள்.

எளிமைதான் மைனரின் பலம். பெரிய கருவிகள் இல்லாத பட்டறையிலும் அதைப் பிரித்துப் பூட்டலாம். இதற்குச் சாட்சி வேண்டுமானால் யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டும். 1990-களில் போரும் பொருளாதாரத் தடையும் நெருக்கியபோது அங்கே பெட்ரோல் கிடைக்கவில்லை. சில துளி பெட்ரோலில் இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் அப்படித்தான் நோயாளிகளையும் மணமக்களையும் சுமந்தன. இங்கிலாந்தின் சாதாரணக் குடும்பங்களை மனத்தில் வைத்து வரையப்பட்ட கார், வரைந்தவர் நினைத்தே பார்க்காத ஊரில், நினைத்தே பார்க்காத எரிபொருளில் ஓடியது.

அடுத்து மினி. 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்தது. பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை வந்தது. நீர்க்குமிழி போன்ற சின்னஞ்சிறு வண்டிகள் சாலையை நிறைத்தன. அவற்றை விரட்ட ஓர் ஒழுங்கான சிறிய கார் வேண்டும் என்று நிறுவனத் தலைவர் லெனர்ட் லார்ட் இசிகோனிஸிடம் கேட்டார். நீளம் 10 அடிதான். அதற்குள் நான்கு பெரியவர்கள் உட்கார வேண்டும்.

இசிகோனிஸ் செய்தது இதுதான்: நெடுக்காக இருந்த இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை இயந்திரத்துக்கு அடியில், அதன் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கினார். முன் சக்கரங்களை ஓட்டும் சக்கரங்களாக்கினார். சக்கரத்தின் அளவை 10 அங்குலமாகக் குறைத்தார். சுருள்வில்லுக்குப் பதிலாக, நண்பர் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள் வந்தன. இப்படி மிச்சம் பிடித்ததில், காரின் தரைப்பரப்பில் ஏறக்குறைய 80 விழுக்காடு ஆட்களுக்கும் பைகளுக்கும் கிடைத்தது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய முதல் புரோட்டோன் சாகாவிலும் பெரோடுவா கஞ்சிலிலும் பானெட்டைத் திறந்து பாருங்கள். இயந்திரம் குறுக்காகத்தான் கிடக்கும்.

1959 ஆகஸ்ட் 26-இல் மினி வெளிவந்தது. வரியோடு சேர்த்து விலை 497 பவுண்டு. அன்றைய மலாயா வெள்ளியில் கணக்கிட்டால் ஏறக்குறைய 4,260. தொடக்க கால மினிகளில் மழை பெய்தால் தரைக்குள் தண்ணீர் புகுந்தது. போட்டி நிறுவனமான ஃபோர்டு ஒரு மினியை வாங்கி, திருகு திருகாகப் பிரித்துச் செலவைக் கணக்கிட்டது. ஒவ்வொரு காருக்கும் 30 பவுண்டு நட்டம் என்பது அதன் முடிவு. அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் மலிவான விலையில் ஒரு நல்ல காரை மக்களுக்குக் கொடுத்துவிட்டு, அதில் பணம் பண்ணத் தெரியாமல் அந்த நிறுவனம் தடுமாறியது உண்மை. கார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மான்டி கார்லோ ராலியில் 1964, 1965, 1967 என மூன்று முறை வென்றது. 2000-ஆம் ஆண்டு வரை 53 லட்சத்துக்கும் மேற்பட்ட மினிகள் செய்யப்பட்டன.

அந்த மலிவுக் காரின் இன்றைய நிலை வேறு. 1960-களின் அசல் கூப்பர் எஸ் ஒன்றுக்குப் பல்லாயிரம் பவுண்டு கேட்கிறார்கள். காரணம் புரியாதது அல்ல. துரு தின்றது போக மிஞ்சியவை குறைவு. சிறு வயதில் பின்னிருக்கையில் உட்கார்ந்து போனவர்கள் இப்போது கையில் பணத்தோடு இருக்கிறார்கள். அதோடு பழைய கார் ஒரு முதலீடாகவும் மாறிவிட்டது. 2022-இல் ஒரு மெர்சிடிஸ் பந்தயக் கார் 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனபின், கொட்டகையில் தூங்கும் வண்டிக்குக்கூட அதன் சொந்தக்காரர் விலை சொல்லத் தொடங்கிவிட்டார். விலை ஏறினால் போலியும் வரும். சாதாரண மினியைக் கூப்பர் என்று விற்பதும், மைனர் சலூனின் கூரையை அறுத்துத் திறந்த கார் என்று விற்பதும் வாங்குபவர்கள் அறிந்த தந்திரங்கள்தான். இலங்கையில் வேறொரு காரணமும் சேர்ந்தது. 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, பழைய கார்களின் விலை ஏறிவிட்டது.

இசிகோனிஸுக்கு 1967-இல் ராயல் சொசைட்டியில் உறுப்பினர் பதவியும், 1969-இல் சர் பட்டமும் கிடைத்தன. பிடிவாதக்காரர். வாடிக்கையாளர்களிடம் கருத்துக் கேட்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. மினி விஷயத்தில் அது பலித்தது. 1964-இல் வந்த ஆஸ்டின் 1800 எதிர்பார்த்தபடி விற்காதபோது நிறுவனம் அதற்கு விலை கொடுத்தது.

தன் பழைய வேலையைப் பார்த்து அவர் உருகவும் இல்லை. 1960-களின் இறுதியிலேயே மினிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்து, அதைவிட நீளம் குறைந்த, உள்ளே இடம் கூடிய, பாகங்கள் குறைந்த ஒரு புதுக் காரை உருவாக்கினார். அதன் பெயர் 9 எக்ஸ். புதிதாக வந்த நிர்வாகம் அதைக் கைவிட்டது. 1971-இல் ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசகராக இருந்து, கியர் பெட்டியே இல்லாத மினி ஒன்றுக்காக உழைத்துக்கொண்டிருந்தார். 1988 அக்டோபர் 2-இல் பர்மிங்ஹாமில் காலமானார்.

முதன்முதலில் செய்த மினிகளில் ஒன்றும், அதற்கு மாற்றாக அவர் செய்த 9 எக்ஸும் இங்கிலாந்தின் கேய்டன் கிராமத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உலகம் தேடித் தேடி விலை கொடுப்பது முதலாவதன் வகைக்கு. அவர் தெருவில் பார்க்க விரும்பியது இரண்டாவதை.