தூதரான இளவரசி

தூதர் என்றால் பெரிய மாளிகை, வேலைக்காரர்கள், பட்டாடை எல்லாம் இருக்கும் என்று நினைப்போம்.

ஆனால், உடை வாங்குவதற்காக வளையல்களை விற்ற ஓர் இளம் விதவையும் தூதராக இருந்திருக்கிறார். அவர் சாதாரணப் பெண் அல்ல. ஸ்பெயின் நாட்டு இளவரசி, கேத்தரின்!

ஐரோப்பாவில் தூதர் பதவி வகித்த முதல் பெண் இவர்தான் என்று சரித்திர ஆசிரியர்கள் கூறுகிறார்கள்.

3 வயதில் நிச்சயம்

கேத்தரின் 1485-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி பிறந்தார். தந்தை, அரகான் மன்னர் பெர்டினாண்டு. தாய், காஸ்டில் ராணி இசபெல்லா. இந்த இரு ராஜ்யங்களும் ஸ்பெயினில் இருந்தன.

கேத்தரினுக்கு 3 வயது ஆனபோதே கல்யாணப் பேச்சு முடிந்துவிட்டது. மாப்பிள்ளை, இங்கிலாந்து மன்னர் 7-ம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர். வரதட்சணை 2 லட்சம் பொற்காசுகள்.

1501-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி லண்டனில் திருமணம் நடந்தது. வரதட்சணையில் பாதி கொடுக்கப்பட்டது.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1502 ஏப்ரலில் ஆர்தர் நோயால் இறந்தார். 16 வயதில் கேத்தரின் விதவை ஆனார்.

வரதட்சணைச் சண்டை

கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படி பெண் வீட்டார் கேட்டார்கள். மீதிப் பணம் எங்கே என்று மாமனார் கேட்டார். நடுவில் அகப்பட்டுக்கொண்டார் கேத்தரின்.

கடைசியில், ஆர்தரின் தம்பி ஹென்றிக்கு அவரைக் கட்டிவைப்பது என்று 1503-ல் முடிவாயிற்று. தம்பி, கேத்தரினைவிட 5 வயது இளையவர்.

மறு ஆண்டு தாய் இசபெல்லா காலமானார். காஸ்டில் ராஜ்யம் கேத்தரினின் அக்காள் ஜுவானாவுக்குப் போயிற்று. பெர்டினாண்டின் செல்வாக்குக் குறைந்தது. உடனே 7-ம் ஹென்றி, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். செலவுக்குப் பணம் தருவதிலும் கையைச் சுருக்கிக்கொண்டார். தந்தையும் பணம் அனுப்பவில்லை.

வேலைக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழி இல்லை. நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் ஒவ்வொன்றாக விலை போயின.

பதவி வந்தது

கேத்தரின் அழுதுகொண்டு சும்மா இருக்கவில்லை. தந்தைக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். லண்டனில் இருந்த ஸ்பெயின் தூதர் தம் நலனைக் கவனிக்கவில்லை என்று எடுத்துச் சொன்னார்.

1507-ம் ஆண்டு, பெர்டினாண்டு மகளையே தம் தூதராக நியமித்தார்.

நேற்றுவரை மாமனாரின் தயவை எதிர்பார்த்து நின்ற பெண், இப்போது ஒரு மன்னரின் பிரதிநிதியாக அவர் முன் நின்றார்! இங்கிலீஷ் பேசக் கற்றார். பிறர் படிக்க முடியாத ரகசிய எழுத்தில் கடிதம் எழுதவும் பழகினார். வரதட்சணைப் பாக்கிக்குத் தவணை கேட்டார்.

மனைவியை இழந்திருந்த 7-ம் ஹென்றி, விதவையான ஜுவானாவை மணக்க விரும்பினார். அந்த ஆசையைக் கெடுக்காமல் கேத்தரின் பேச்சு நடத்தினார்.

1508-ல் வேறு தூதர் வந்தார். ஆனால், கேத்தரின் கற்ற பாடம் வீண் போகவில்லை.

ராணி ஆனார்

1509 ஏப்ரலில் 7-ம் ஹென்றி இறந்தார். தம்பி 8-ம் ஹென்றி என்ற பெயரில் பட்டத்துக்கு வந்தார். ஜூன் மாதம் கேத்தரினை மணந்தார்.

1513-ல் மன்னர் பிரான்சில் போர் செய்யச் சென்றபோது, நாட்டை ஆளும் பொறுப்பைக் கேத்தரினிடம் விட்டுச் சென்றார். அப்போது ஸ்காட்லாந்துப் படை எல்லையைத் தாண்டி வந்தது. கேத்தரின் படைகளைத் திரட்டி அனுப்பினார். இங்கிலாந்து வென்றது. ஸ்காட்லாந்து மன்னர் போர்க்களத்தில் மாண்டார்.

மீண்டும் சோதனை

கேத்தரின் பெற்ற குழந்தைகளில் மேரி என்ற பெண் மட்டுமே பிழைத்து வளர்ந்தாள். ஆண் வாரிசு வேண்டும் என்று மன்னர் துடித்தார். ஆன் போலின் என்ற பெண்ணை மணக்க விரும்பினார். அண்ணன் மனைவியை மணந்தது செல்லாது என்று வழக்குத் தொடுத்தார்.

1529-ல் விசாரணை நடந்தது. கேத்தரின் நிறைந்த சபையில் மன்னர் முன் மண்டியிட்டு, தம் நியாயத்தைத் தாமே எடுத்துரைத்தார். பிறகு எழுந்து வெளியே நடந்தார். திரும்பி வரும்படி அழைத்தார்கள். அவர் திரும்பவில்லை.

1533-ல் திருமணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ராணி என்ற பட்டத்தைப் பறித்தார்கள். மகளைப் பார்க்கவும் விடவில்லை. ஆனால், கேத்தரின் தம்மை ராணி என்றே சொல்லிவந்தார். 1536-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி, தம் 50-வது வயதில் உயிர் நீத்தார்.

மகள் மேரி 1553-ல் இங்கிலாந்தின் ராணி ஆனாள்.

கேத்தரினின் கல்லறை பீட்டர்பரோ தேவாலயத்தில் இருக்கிறது. அதன் மேல் இன்று பொன் எழுத்துக்கள் மின்னுகின்றன. இங்கிலாந்து ராணி கேத்தரின் என்பதே அந்த வாசகம்.