கார் புகையின் குட்டை உடைத்தவர்!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. சினிமாவுக்குப் பேர்போன ஹாலிவுட் அங்கேதான் உள்ளது.

1943-ம் ஆண்டு ஜூலை மாதம். பட்டப்பகலில் நகரம் மங்கிவிட்டது. ஜனங்களுக்குக் கண் எரிந்தது. தொண்டை கரகரத்தது. அது யுத்த காலம். எதிரி விஷப்புகை போட்டுவிட்டானோ என்று பயந்தவர்களும் உண்டு!

செயற்கை ரப்பருக்குச் சரக்கு தயாரித்த தொழிற்சாலை மீது பழி விழுந்தது. அதைச் சிறிது காலம் மூடியும் பார்த்தார்கள். புகை போகவில்லை.

அந்தப் புகையின் குட்டை உடைத்தவர்தான் ஆரி ஹாகன் ஸ்மிட்.

பழ வாசனை

அவர் 1900-ம் ஆண்டு ஹாலந்து நாட்டில் உட்ரெக்ட் நகரில் பிறந்தார். அங்கேயே ரசாயனம் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். 1937-ல் லாஸ் ஏஞ்சல்சை அடுத்த பாசடீனாவில், கால்டெக் கலாசாலையில் சேர்ந்தார்.

வாசனையை ஆராய்வதுதான் அவர் வேலை. அன்னாசிப்பழத்துக்கு அந்த மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்து கொண்டிருந்தார்.

பழத்தின் மணத்தைப் பிடித்த அதே முறையில், நகரத்துக் காற்றையும் குளிரவைத்துப் பிடித்துப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் சில துளிகள் கிடைத்தன. ஒரே நாற்றம்!

வெயில் செய்த வேலை

எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவி ஒன்று. என்ஜின் சூட்டில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடு மற்றொன்று. இந்த இரண்டும் வெயிலில் கலந்து, ஓசோனாகவும் வேறு எரிச்சல் பொருள்களாகவும் மாறுகின்றன. இதுதான் அவர் கண்ட உண்மை.

ஓசோனை அவர் அளந்த விதம் வேடிக்கையானது. ஒரு ரப்பர் துண்டை வளைத்துக் காற்றில் வைப்பார். ஓசோன் பட்டால் ரப்பர் வெடிப்பு விடும். எவ்வளவு சீக்கிரம் வெடிக்கிறதோ, அவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று கணக்கு.

வந்தது கோபம்

எண்ணெய்க் கம்பெனிகள் இதை ஒப்பவில்லை. அவர்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சி, ஹாகன் ஸ்மிட்டின் முடிவு தவறு என்றது. அவருடைய கலாசாலையிலேயே நடந்த சொற்பொழிவில் அவரை மட்டம்தட்டினார்கள். அவரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று வந்த கோபத்தில், வாசனை ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டுப் புகையின் பின்னால் போனார்.

ஜனங்களும் முதலில் முகம் சுளித்தார்கள். தொழிற்சாலையைத் திட்டலாம், சொந்தக் காரைக் குறைசொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனாலும் அவர் சொன்னதே நிலைத்தது. 1966-ல் கார் புகைக்குழாயிலிருந்து வரும் வாயுக்களுக்குக் கலிபோர்னியா அரசு வரம்பு கட்டியது. அமெரிக்காவிலேயே அதுதான் முதல் தடவை.

1968-ல் அந்த மாநிலத்தில் காற்று வள வாரியம் வேலை தொடங்கியது. ஹாகன் ஸ்மிட்தான் முதல் தலைவர். 1971-ல் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் வரம்பு வந்தது. 1973 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார்.

1977-ல் பாசடீனாவில் காலமானார். நுரையீரலில் புற்றுநோய். எல் மான்டி என்ற ஊரில், கார்களை ஓடவிட்டுப் புகையை அளந்த சோதனைச்சாலைக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவைக் கார்கள் இவ்வளவுதான் விடலாம் என்று 2004-ல் விதி செய்ததும், அவர் தலைமை வகித்த அதே வாரியம்தான்.