பதிவேட்டில் அறம் காத்த பெருமகன்
சேர் பொன்னம்பலம் அருணாசலம்

சைவ சமயம் தொண்டினைப் பெரிதும் போற்றும் சமயமாகும். திருக்கோயிலைக் கூட்டி மெழுகுதல், பூமாலை தொடுத்தல், திருவிளக்கேற்றுதல், அடியாரை உபசரித்தல் என்பன சரியைத் தொண்டுகளாக நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளன. ஆனால் கந்தோர் மேசையில் அமர்ந்து, பேரேடுகளையும் கோவைகளையும் பார்க்கும் வேலையையும் ஒரு தொண்டாகச் செய்ய முடியும் என்பதை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவர்தான் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அவருடைய தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை நம்மவர் நன்கு அறிவர். தம்பியாரின் அரசியற் பணியைப் பற்றியும் பலர் கேள்வியுற்றிருப்பர். ஆயினும் ஏழைக் குடியானவனின் காணி உறுதிக்கும், பிறந்த குழந்தையின் பெயருக்கும் அன்னார் செய்த காவல் அதிகம் பேசப்படுவதில்லை.

பிறப்பும் கல்வியும்

யாழ்ப்பாணம் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட கேற் முதலியார் பொன்னம்பலம் அவர்களுக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் இளைய புதல்வராக, 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் திகதி கொழும்பில் அருணாசலம் அவர்கள் பிறந்தார்கள். குமாரசுவாமி, இராமநாதன் ஆகிய இருவரும் அவருடைய தமையன்மார். தந்தையார் கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைத் தாபித்த சிவபக்தர். ஆகவே செல்வம், கல்வி, பக்தி ஆகிய மூன்றும் நிறைந்த இல்லத்திலே அவர் வளர்ந்தார்.

இன்று றோயல் கல்லூரி என்று வழங்கும் கொழும்பு அக்கடமியிற் பயின்று, புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்ற அருணாசலம், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ற்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். சட்டமும் பயின்று பரிஸ்டர் ஆனார். சட்டத்தரணியாகத் தொழில் பார்த்திருந்தால் பெரும் பொருள் ஈட்டியிருக்கலாம். எனினும் தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி அவர்களின் ஆலோசனைப்படி அரச சேவையை நாடினார். 1875ஆம் ஆண்டில், போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் பிரவேசித்த முதல் இலங்கையர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அதுவரை அச்சேவையின் உயர் நாற்காலிகள் வெள்ளைக்காரருக்கே உரியவை என்ற எண்ணம் நிலவியது. அந்த எண்ணத்தை அவர் வாதத்தினால் அன்றித் தமது கல்வித் தகைமையினால் உடைத்தார்.

கச்சேரியிலும் நீதிமன்றங்களிலும்

நாடு திரும்பிய அருணாசலம் அவர்கள் கச்சேரியிலும், பின்னர் நாட்டின் பல பாகங்களில் நீதவானாகவும் நீதிபதியாகவும் கடமையாற்றினார்கள். நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகளில் பெரும்பாலானவை காணி வழக்குகளே. எல்லைச் சண்டை, ஒரே காணியை இருவருக்கு எழுதிய உறுதி, கள்ளக் கையொப்பம், கடனுக்கு ஈடு வைத்த நிலத்தை மறைத்து விற்றமை என்றிப்படி ஏழைகள் தலைமுறை தலைமுறையாக வழக்காடிச் சொத்தை இழந்தனர். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த பின்னர் தீர்ப்பு வழங்குவதிலும், வழக்கே எழாதபடி ஆவணங்களை ஒழுங்காக வைத்திருப்பது பெரிய தருமம் என்பதை இத்தகைய அனுபவம் உணர்த்தவல்லது.

பதிவாளர் நாயகம்

1887ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அவர்கள், சேவை மூப்பில் முன்னால் நின்ற பலரைத் தாண்டி அருணாசலத்தைப் பதிவாளர் நாயகமாகக் கடமை பார்க்க நியமித்தார். மேல் மாகாணப் பிஸ்கால் பதவியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1902ஆம் ஆண்டு வரையிலான காலத்தின் பெரும் பகுதியை அவர் அத்திணைக்களத்தின் பணியிலேயே செலவிட்டார்.

அவர் பொறுப்பேற்றபோது திணைக்களத்தின் நிலை கவலைக்கிடமாக இருந்தது. ஆவணங்கள் ஒழுங்கின்றிக் குவிந்து கிடந்தன. வேலை தேங்கியிருந்தது. மோசடியும் கைக்கூலியும் வேரூன்றியிருந்தன. ஊழல் உள்ள இடத்திற் பணக்காரன் பணம் கொடுத்துத் தன் காரியத்தைச் செய்துகொள்வான். அலைந்து களைப்பவன் ஏழையே.

காணிப் பதிவின் முக்கியத்துவத்தை இங்கு சிறிது விளக்குவது நலம். ஒல்லாந்தர் காலத்திலே தோம்பு என்ற பெயரில் காணிகளையும் உரிமையாளரையும் எழுதி வைத்தனர். ஆங்கிலேயர் காலத்தில், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறும்போது நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் உறுதி எழுதப்படல் வேண்டும் என்றாயிற்று. ஆனால் எழுதினால் மட்டும் போதாது. அதனைக் காணிக் கந்தோரிற் பதியவும் வேண்டும். அருணாசலம் அவர்களின் காலத்தில் வந்த 1891ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் பதிவு செய்த உறுதிக்கு முதன்மை அளித்தது. அதாவது, ஒருவர் ஒரே காணியை இருவருக்கு விற்றால், மோசடி ஏதும் இன்றி முதலிற் பதிந்தவரின் உரிமையே மேலோங்கும். இவ்வாறு சட்டம் பதிவேட்டின் மீது இவ்வளவு பாரத்தைச் சுமத்தும்போது, அந்தப் பதிவேட்டில் ஒரு தாளைக் கிழிப்பதோ, ஒரு திகதியை மாற்றுவதோ ஒரு குடும்பத்தையே தெருவில் விடுவதற்குச் சமமாகும்.

அருணாசலம் அவர்கள் இதனை நன்குணர்ந்து செயற்பட்டார்கள். ஆவணங்களை வகைப்படுத்தினார். தேடுவோர் விரைவிற் கண்டெடுக்கும்படி அட்டவணைகள் ஒழுங்கு செய்யப்பட்டன. ஆவணக் காப்பறை சீர்பெற்றது. நேர்மையீனம் கண்ட இடத்தில் அவர் தயவு காட்டவில்லை.

அதே வேளையில், இலிகிதர்மாரின் கஷ்டத்தையும் அவர் அறிந்திருந்தார். சொற்ப சம்பளத்தில் வாழும் ஊழியன் வட்டிக்காரனிடம் அகப்பட்டால் கைக்கூலிக்குக் கை நீட்டுவது எளிது. ஆகவே திணைக்கள ஊழியருக்கென ஒரு சகாய நிதியை ஏற்படுத்தினார். அவர்கள் அறிவை வளர்க்க ஒரு நூலகத்தையும் அமைத்தார். தண்டிப்பதோடு நின்றுவிடாமல், தவறு செய்யத் தூண்டும் வறுமையையும் அவர் நீக்க முயன்றமை குறிப்பிடத்தக்கது. ஆலய பரிபாலனத்திலும் பொதுச் சபைகளிலும் பொறுப்பில் இருப்போர் எக்காலத்தும் மனங்கொள்ள வேண்டிய பாடம் இது.

பிறப்பு, இறப்புப் பதிவும் இத்திணைக்களத்தின் பொறுப்பே. இலங்கையில் 1867ஆம் ஆண்டுச் சட்டத்துடன் ஆரம்பமான இப்பதிவு முறை, 1895ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மேலும் ஒழுங்குபெற்றது. ஒரு பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வெறும் கடதாசி அன்று. பாடசாலை அனுமதி, உத்தியோகம், விவாகம், முதுசொம், ஓய்வூதியம் யாவும் அதனைப் பற்றியே நிற்கின்றன. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து சென்ற நம்மவர், வீட்டையும் பொருளையும் விட்டுச் சென்றாலும், காணி உறுதியையும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் பொலித்தீன் பையிற் சுற்றி மடியிற் கட்டிக்கொண்டு போனதை யாரும் மறந்திருக்க முடியாது. அவற்றையும் இழந்தவர்களுக்குக் கந்தோரில் இருந்த பதிவேடே பிரதி கொடுத்து மீட்சி அளித்தது.

குடிசன மதிப்பு

இலங்கையில் 1871ஆம் ஆண்டு தொடக்கம் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிசன மதிப்பு எடுக்கப்பட்டு வந்தது. 1901ஆம் ஆண்டு குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பு அருணாசலம் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது நாட்டின் சனத்தொகை சுமார் 35 இலட்சத்து 66 ஆயிரமாகக் கணக்கிடப்பட்டது. அவர் எழுதிய அறிக்கை வெறும் தொகைக் கணக்காக அமையவில்லை. நாட்டின் பழைய வரலாறு, இனங்கள், சமயங்கள், மக்களின் வாழ்க்கை நிலை என்பன பற்றிய ஓர் அரிய நூலாகவே அது விளங்கியது. எத்தனை பேர் வாழ்கின்றனர், எத்தனை பேருக்கு எழுத்தறிவு உண்டு, எத்தனை பேர் நோயினால் மடிகின்றனர் என்பது தெரியாமல் பாடசாலையோ வைத்தியசாலையோ அமைப்பது இருட்டில் வழி தேடுவது போன்றது.

சட்டநிரூபண சபையிலும் நிர்வாக சபையிலும் அங்கத்துவம் வகித்த பின்னர், 1913ஆம் ஆண்டில் அவர் அரச சேவையிலிருந்து இளைப்பாறினார். அவருடைய சேவைக்காக முடியரசு சேர் பட்டம் வழங்கியது.

இளைப்பாறிய பின் எழுந்த தொண்டு

இளைப்பாறிய உத்தியோகத்தர் பலர் சாய்மனைக் கதிரையைத் தேடும் வயதில், அருணாசலம் அவர்கள் சேரிகளைத் தேடிச் சென்றார்கள். 1915ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை ஆரம்பித்தார். ஏழைகளுக்குக் கல்வி, வைத்திய உதவி, குடியிருக்கத் தகுந்த வீடு, குடிசைக் கைத்தொழில், தொழிலாளருக்கு ஆகக்குறைந்த சம்பளம், காப்புறுதி என்பன அக்கழகத்தின் நோக்கங்களாக இருந்தன. அரசாங்கமே இவற்றைப் பற்றிச் சிந்திக்காத காலம் அது என்பதை மறத்தலாகாது.

மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் துயரமும் அவர் நெஞ்சைத் தொட்டது. வேலையை விட்டு நீங்கினாலோ வேலைக்கு மறுத்தாலோ தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பச் சட்டம் இடமளித்தது. துண்டு முறை என்ற மற்றொரு கொடுமையும் இருந்தது. தொழிலாளியின் கடன் தொகையைத் துண்டில் எழுதி, அதைக் கட்டித் தீர்க்கும் தோட்டத்துக்கே அவன் மாறிச் செல்லலாம் என்பது வழக்கம். இதனால் கடன் அவனைத் தோட்டம் தோட்டமாகத் தொடர்ந்தது. 1919ஆம் ஆண்டில் பெரி. சுந்தரம் அவர்களைச் செயலாளராகக் கொண்டு, தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்துத் தாமே தலைவராகி, இவற்றுக்கு எதிராக அருணாசலம் குரல் கொடுத்தார். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஒருகாலத்தில் உறுதிக் கடதாசி ஏழையைக் காக்கும்படி பார்த்துக்கொண்டவர், ஏழையைக் கட்டிப்போட்ட துண்டுக் கடதாசியை எதிர்த்து நின்றார்.

நாட்டுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906ஆம் ஆண்டு முதல் அவர் பாடுபட்டதன் பயனாக, 1921ஆம் ஆண்டில் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது.

அரசியலும் ஏமாற்றமும்

1917ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நாட்டின் அரசியல் தேவைகள் பற்றி அவர் ஆற்றிய உரை மக்களை விழிப்படையச் செய்தது. சிங்களவரும் தமிழரும் ஒன்றிணைந்து 1919ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் நிறுவிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதலாவது தலைவராக அருணாசலம் தெரிவானார். எனினும் மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படாதபோது, 1921ஆம் ஆண்டில் மனம் நொந்து காங்கிரசை விட்டு விலகினார். சொன்ன சொல்லும் பதிந்த எழுத்தும் ஒன்றுபோலக் காக்கப்பட வேண்டும் என்று வாழ்ந்தவருக்கு அது பெரும் வேதனையாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. பின்னர் தமிழர் மகாசன சபையிலும் இலங்கைத் தமிழர் கழகத்திலும் தமது பணியைத் தொடர்ந்தார்.

சைவ நெறியும் இறுதி யாத்திரையும்

இத்தனை கடமைகளுக்கிடையிலும் அருணாசலம் அவர்கள் சைவ நெறியிலிருந்து வழுவவில்லை. திருவாசகம் முதலிய நூல்களிலிருந்து பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, நம் சமயத்தின் பெருமையை மேல்நாட்டவர் அறியச் செய்தார். கேம்பிறிட்ஜில் நண்பரான எட்வேட் காபென்ரர் என்ற ஆங்கில எழுத்தாளருக்குப் பகவத் கீதையை அறிமுகம் செய்தவரும் அவரே. அந்நண்பர் 1890ஆம் ஆண்டில் இலங்கை வந்தபோது, ஒரு தமிழ் ஞானியிடம் அவரை அழைத்துச் சென்று உபதேசம் கேட்கச் செய்தார்.

1924ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆம் திகதி, தென்னிந்தியத் தலயாத்திரையில் இருந்தபோது, மீனாட்சி சுந்தரேசுவரர் எழுந்தருளியிருக்கும் மதுரையம்பதியில் தமது 70ஆவது வயதில் சிவபதமடைந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதியொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சிலைகளிலும் மண்டபங்களிலும் பெயர் பொறிக்கப்படுவது ஒருவகைப் புகழ். நாட்டின் மூலை முடுக்குகளிலுள்ள ஏழை ஒருவர் காணிக் கந்தோருக்குச் சென்று, தம் பாட்டனார் காணியின் பதிவைத் திருத்தமாகக் கண்டு நிம்மதியுடன் வீடு திரும்பும்போது, அந்த நிம்மதியில் அருணாசலம் அவர்களுக்கும் ஒரு பங்குண்டு. அவர் பெயரை அந்த ஏழை அறிந்திருக்கமாட்டார். அறியாதவருக்கும் பயன்படும்படி செய்வதே தொண்டு. ஆலயக் கணக்கை எழுதுபவரும், கிராமச் சங்கத்தின் புத்தகத்தைக் காப்பவரும், அரச கந்தோரிற் கடமை புரியும் நம் பிள்ளைகளும் அப்பெருமகனாரின் வழியில் நேர்மையுடன் பணியாற்ற எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவாராக.