6 கொலை... ஒரு தூக்குக் கயிறு! வட ஆற்காட்டில் பிறந்து சென்னையைக் கதிகலங்க வைத்த ஆட்டோ சங்கர்

செய்யாறு: ஆட்டோ சங்கர் என்றால் இன்றைக்கும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சென்னை திருவான்மியூர்தான். ஆனால் அந்த ஆசாமி சென்னைக்காரன் இல்லை. நம்ம பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரன்!

செய்யாறும் ஆரணியும் 1989ல் திருவண்ணாமலை மாவட்டத்தோடு பிரிந்து வந்தன. அதற்கு முன்பு வேலூரும் செய்யாறும் ஒரே மாவட்டம். அந்தக் காலத்தில், 1950களின் நடுவில், வேலூருக்கும் காட்பாடிக்கும் பக்கத்தில் உள்ள காங்கேயநல்லூரில் பிறந்தவன் கௌரிசங்கர். இதே காங்கேயநல்லூர்தான் திருமுருக கிருபானந்த வாரியார் பிறந்த ஊர். நாடே கும்பிட்ட ஒருவரையும், நாடே நடுங்கிய ஒருவனையும் கொடுத்திருக்கிறது அந்த ஒரே ஊர்!

பெயிண்டர் டூ ஆட்டோ டிரைவர்

பிழைப்பு தேடி சென்னைக்குப் போன சங்கர், திருவான்மியூர் பெரியார் நகரில் குடியேறினான். முதலில் பெயிண்ட் அடிக்கிற வேலை. பிறகு ஆட்டோ. அப்போது திருவான்மியூர் என்பது கிட்டத்தட்ட சென்னையின் எல்லை. அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, மீனவர் குப்பம், மணல்வெளிதான். இன்றைக்கு இருக்கிற மாதிரி பளபள கிழக்கு கடற்கரைச் சாலை அப்போது கிடையாது.

அந்தக் கடற்கரை கிராமங்களில் கள்ளச்சாராயம் கொடிகட்டிப் பறந்தது. சரக்கை ஊருக்குள் கொண்டுவர வண்டி வேண்டும். யாரும் சந்தேகப்படாத வண்டி ஆட்டோ! சவாரி ஏற்றிக்கொண்டிருந்த சங்கரின் ஆட்டோ சாராயம் ஏற்ற ஆரம்பித்தது. கையில் நாலு காசு சேர்ந்ததும் அடுத்த தொழிலில் இறங்கினான். அது விபசாரம். லாட்டீஸ் பிரிட்ஜ் ரோடு பக்கம் இந்தத் தொழில் ஜோராக நடந்தது. கொஞ்ச நாளில் ஆட்டோ டிரைவர் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். ஆள் பெரிய புள்ளியாகிவிட்டான். பின்னாலேயே ஒரு கும்பலும் சேர்ந்துகொண்டது.

போலீசுக்குத் தெரியாமல் இதெல்லாம் நடக்குமா? இந்தக் கேள்வியை அப்போதே ஊர் கேட்டது. மாமூல் எங்கெல்லாம் போகிறது என்று ஏரியாவில் வாய்விட்டுப் பேசத்தான் ஆளில்லை.

அடுத்தடுத்து 6 பேர்

1987ம் ஆண்டு கடைசி. எம்.ஜி.ஆர். உடல்நிலை, அவருக்குப் பிறகு யார் என்று தமிழ்நாடே பரபரப்பாக இருந்த நேரம். டிசம்பர் 24ல் எம்.ஜி.ஆர். இறந்தார். 1988 ஜனவரி கடைசியில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் திருவான்மியூரில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள்.

முதலில் லலிதா. டான்ஸ் ஆடிப் பிழைத்தவர். சங்கரின் பிடியில் இருந்தவர், சுடலை என்பவரோடு வாழப் போனார். இதுதான் சங்கருக்கு ஆத்திரம். லலிதாவைக் கொன்று வீட்டுக்குள்ளேயே புதைத்தது கும்பல். அடுத்து சுடலை. அவருடைய உடலை எரித்துவிட்டார்கள். சுடலையைத் தேடி விசாரிக்க வந்த நண்பர் ரவிக்கும் அதே கதி.

1988ல் சம்பத், மோகன், கோவிந்தராஜ் என்ற மூன்று பேர் தகராறு ஒன்றில் அந்தக் கும்பலிடம் மாட்டினார்கள். மூன்று பேரும் வீடு திரும்பவில்லை.

இவர்கள் ஆறு பேருமே பெரிய இடத்துப் பிள்ளைகள் இல்லை. சாதாரண ஜனங்கள். ஆள் காணோம் என்றால் எங்காவது ஓடிப் போயிருப்பான், வந்துவிடுவான் என்று சொல்லி விட்டுவிடக்கூடியவர்கள். சங்கர் கணக்குப் போட்டதும் அதை வைத்துத்தான். இவர்களை யார் தேடப் போகிறார்கள் என்ற தைரியம்!

அந்தக் கணக்குதான் தப்பாகப் போனது. காணாமல் போன மூன்று பேரின் வீட்டார் சும்மா இருக்கவில்லை. புகாரோடு அலைந்தார்கள். விசாரணை சூடு பிடித்தது. பெரியார் நகரில் தரையைத் தோண்டினால்... எலும்புக்கூடு! தினமும் பேப்பரில் அந்தச் செய்திதான். சென்னையில் ஆட்டோ ஏறவே பெண்கள் பயந்த காலம் அது. சங்கரோ, சினிமாதான் தன்னைக் கெடுத்தது என்று பழியைத் தூக்கி அங்கே போட்டான்.

ஜெயிலில் இருந்து எஸ்கேப்

கதை அதோடு முடியவில்லை. 1990 ஆகஸ்டில் சென்னை மத்திய சிறையில் இருந்தே கூட்டாளிகளோடு தப்பினான் சங்கர். அத்தனை காவலையும் மீறி எப்படி வெளியே போனான்? உள்ளே இருந்தவர்களே உதவியது பிறகு அம்பலமானது. ஜெயில் வார்டன்கள் சிலரும் தண்டனை பெற்றார்கள். ஒரிசாவின் ரூர்கேலா வரை ஓடியவனை அங்கே மடக்கிப் பிடித்தது போலீஸ்.

1991 மே 31. செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் சங்கருக்கும், கூட்டாளிகள் எல்டின், சிவாஜி ஆகியோருக்கும் தூக்கு தண்டனை விதித்தது. சங்கரின் தூக்கை 1992ல் சென்னை ஐகோர்ட்டும், 1994 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தன.

300 பக்க சுயசரிதை

ஜெயிலில் சங்கர் சும்மா இருக்கவில்லை. சுமார் 300 பக்கத்துக்குத் தன் கதையை எழுதி மனைவியிடம் கொடுத்தான். நக்கீரன் பத்திரிகை அதை வெளியிடப் போவதாக அறிவித்தது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கும் சங்கருக்கும் இருந்த தொடர்பு அதில் இருக்கிறது என்றதும் கோட்டையில் பலருக்கு வயிற்றைக் கலக்கியது. அது போலி, வெளியிட்டால் நடவடிக்கை என்று 1994 ஜூனில் சிறைத்துறையில் இருந்து கடிதம் பறந்தது.

நக்கீரன் ஆசிரியர் கோபால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1994 அக்டோபர் 7ல் தீர்ப்பு. தனக்கு அவதூறு வரும் என்று சொல்லி ஒரு பத்திரிகையை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ உரிமை இல்லை. வெளிவந்த பிறகு வேண்டுமானால் சட்டப்படி வழக்குப் போடலாம். அதே சமயம், தன் சொந்த வாழ்க்கையில் மற்றவர்கள் மூக்கை நுழைக்காமல் இருக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. ஆனால் கோர்ட் ஆவணம் மாதிரி பொது ஆவணங்களில் உள்ளதை யாரும் எழுதலாம். அதிலும் பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடக்கூடாது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

2017ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் சொன்னபோதும் இந்தத் தீர்ப்பு பேசப்பட்டது. ஆறு உயிரைக் குடித்தவனின் கதை, 100 கோடி ஜனங்களின் உரிமைக்கு ஒரு படிக்கல் ஆனது விதியின் விளையாட்டுதான்.

1995 ஏப்ரல் 27ம் தேதி சேலம் மத்திய சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டான். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் யாரும் தூக்கில் போடப்படவில்லை.

பெயர் நிலைத்தது யாருக்கு?

சங்கர் கதை 2019ல் வெப் சீரியலாகக்கூட வந்துவிட்டது. பெயர் எல்லோருக்கும் தெரியும். லலிதா, சுடலை, ரவி, சம்பத், மோகன், கோவிந்தராஜ்... இந்தப் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த ஆறு பேரில் முதல் ஆளைக் காணோம் என்றபோதே யாராவது தேடியிருந்தால் மற்ற ஐந்து பேரும் பிழைத்திருப்பார்கள்.

செய்யாறு, ஆரணி பக்கமிருந்து வேலைக்காகச் சென்னைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் ஏராளம். அதனால் இந்தக் கதை நமக்கும் பாடம். குற்றம் நடந்திருப்பதாகத் தெரியும் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் கறாராகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கும் மகளைக் காணோம் என்று போலீசுக்குப் போன ஒரு தகப்பன் தொடங்கியதுதான்.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். வந்துவிடுவான், நாளைக்குப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடக்கூடாது. அன்றைக்கு அந்த மூன்று குடும்பமும் திரும்பிப் போயிருந்தால், சங்கர் கணக்கில் இன்னும் எத்தனை பேர் சேர்ந்திருப்பார்களோ!