பழைய பேப்பர் கடைக்குப் போன பறவைகள்

சமூக அறிவியல்ல ஒரு மார்க் கேள்வி ஒண்ணு வருமே, ஞாபகம் இருக்கா? இந்திய தேசிய காங்கிரஸ் உருவாகக் காரணமான ஆங்கிலேய அதிகாரி யார்? ஏ.ஓ. ஹியூம்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பீங்க. நானும் அப்படித்தான். இந்தியப் பறவைகளைப் பற்றி நாடு முழுக்க ஆள் பிடித்துக் குறிப்பு சேர்த்தவரும் அதே ஹியூம்தான்னு எனக்குத் தெரிஞ்சது சமீபத்துலதான். அதுக்குக் காரணம் என் செல்போன்.

எங்க ஊர் கோவில்பட்டி பக்கம். போன ஐப்பசி மழைக்குக் கண்மாய் பெருகினதுல இருந்து தை மாசம் வரைக்கும், ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கரையில நின்னு என்னென்ன பறவை, எத்தனைன்னு போன்ல குறிச்சு வச்சேன். ஒரு நாள் போன் பக்கெட் தண்ணிக்குள்ள விழுந்துச்சு. பேக்கப் எடுக்கல. கம்ப்யூட்டர் லேப்ல ஜூனியர்ஸுக்கு பேக்கப் பற்றி கிளாஸ் எடுக்குறவன் நான்! அந்தக் கடுப்புல எதையோ தேடும்போது கிடைச்சதுதான் இந்த மனுஷனோட கதை.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1829இல் பிறந்தவர். 1849இல் வங்காள சிவில் சர்வீஸில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். கிட்டத்தட்ட நம்ம வயசு. இன்றைய உத்தரப்பிரதேசத்தின் எட்டாவாவில் வேலை. அங்கே பறவைகளைச் சேகரிக்கத் தொடங்கினார். சேகரிப்பது என்றால் அந்தக் காலத்தில் சுட்டு, தோலுரித்து, பதப்படுத்தி, சீட்டுக் கட்டி வைப்பது. 1857 கிளர்ச்சியில் அந்தச் சேகரிப்பு அழிந்துபோனது. முதல் இழப்பு அது.

அவர் விடவில்லை, மறுபடியும் தொடங்கினார். 1867இல் உள்நாட்டுச் சுங்க ஆணையர் ஆனார். உப்பு வரி கொடுக்காமல் யாரும் கடந்துவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குச் சுங்க எல்லை போட்டு, அதில் பெரும்பகுதிக்கு முள்வேலியே வளர்த்திருந்தது. மக்கள் உப்பைத் தடுத்த வேலி அது. அதை மேற்பார்வை பார்ப்பது அவர் வேலை. அந்தப் பயணங்களில் பறவைகளையும் பார்த்துக்கொண்டே போனார்.

ஆனால் ஒரு ஆள் எவ்வளவுதான் சுற்ற முடியும்? இங்கதான் ஹியூமோட மூளை வேலை செஞ்சது. 1872இல் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்ற பறவையியல் இதழைத் தொடங்கினார். உதிர்ந்து கிடக்கும் இறகுகள் என்று சொல்லலாம். ராணுவ அதிகாரிகள், தோட்டக்காரர்கள், சிவில் அதிகாரிகள் என்று பலரும் தங்கள் ஊரில் பார்த்ததை எழுதி அனுப்பினார்கள். நீலகிரியில் கோத்தகிரியில் இருந்து மார்கரெட் காக்பர்ன் என்ற பெண் பறவைகளையும் கூடுகளையும் பற்றிக் குறிப்புகள் அனுப்பினார். பர்மாவில் இருந்து யூஜின் ஓட்ஸ் எழுதினார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் துண்டுக் குறிப்புகள். சேர்த்து வைத்தால் எந்தப் பறவை எங்கே இருக்கிறது, எப்போது முட்டையிடுகிறது என்று ஒரு நாட்டுக்கே படம் கிடைத்தது. இன்டர்நெட் கிடையாது, தபால் மட்டும்தான்!

மேலதிகாரிகளிடம் மனதில் பட்டதைச் சொல்லிவிடும் ஆள் அவர். 1879இல் அரசுச் செயலர் பதவியில் இருந்து இறக்கப்பட்டார். 1882இல் ஓய்வு பெற்றார். சிம்லாவில் ராத்னி காசில் என்ற வீட்டிலேயே பெரிய பறவை அருங்காட்சியகம் வைத்திருந்தார். இந்தியப் பறவைகள் எல்லாவற்றையும் பற்றி ஒரு பெரும் நூல் எழுதுவதுதான் கனவு. அதற்காகப் பல வருடக் கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்து வைத்திருந்தார்.

1883இல் ஒரு பயணம் முடிந்து வீட்டுக்குத் திரும்பினார். கையெழுத்துப் பிரதிகளைக் காணோம். வேலைக்காரர் ஒருவர் அவற்றைக் கழிவுக் காகிதமாக விற்றிருந்தார்.

கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. எனக்குப் போனது ஒரு சீசன் குறிப்பு. அவருக்குப் போனது பாதி ஆயுசு. பெருமழையில் சரிந்த மண்ணும் அருங்காட்சியகத்தைச் சேதப்படுத்தியது. அவருக்குப் பறவையியலே விட்டுப்போனது. ஏற்கெனவே பிரம்மஞான சபையில் சேர்ந்து, சைவ உணவுக்கு மாறி, பறவைகளைச் சுடுவதையும் நிறுத்தியிருந்தார். 1885இல் தன் சேகரிப்பை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். மொத்தம் சுமார் 82,000 மாதிரிகள். அதே வருடம் டிசம்பரில்தான் பம்பாயில் காங்கிரஸின் முதல் கூட்டம். 1894இல் இங்கிலாந்து திரும்பி, செடிகொடிகளில் இறங்கினார். 1910இல் தென் லண்டன் தாவரவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1912 ஜூலை 31 அன்று காலமானார்.

கதை இதோட முடியல. எது தப்பிச்சதுன்னு பாருங்க. இதழில் அச்சாகிப் பல ஊர்களுக்குப் போன குறிப்புகள் தப்பித்தன. கூடுகள், முட்டைகள் பற்றிய குறிப்புகள் ஓட்ஸ் கைக்குப் போய், அவர் பதிப்பில் 1889, 1890இல் நூலாக வந்தன. அடுத்தவர் கையில் சேர்ந்தது எல்லாம் பிழைத்தது. முழுசா முடிச்சிட்டு வெளியிடலாம்னு வீட்டிலேயே வச்சிருந்ததுதான் கடைக்குப் போனது.

இப்போ நம்ம கரிசல் காட்டுக்கு வருவோம். சோளமும் பருத்தியும் உளுந்தும் விளையுற பூமி. மீதி நிலத்தைப் பதிவேட்டுல தரிசுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. ஆனா குளிர்காலத்துல மத்திய ஆசியாவுல இருந்து பூனைப் பருந்துகள் வந்து ராத்திரி தங்குறது இந்த மாதிரிப் புல்தரையிலதான். மரத்துல இல்ல, தரையில! கௌதாரியும் ஆட்காட்டியும் முட்டையிடுறதும் தரையிலதான். நான் படிக்கிறது எலெக்ட்ரிக்கல். நாளைக்கு நானே இந்த நிலத்துல சோலார் பேனல் போடுற வேலைக்குப் போகலாம். போடக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா இங்க என்ன இருந்துச்சுன்னு யாராவது கேட்டா, காட்ட ஒரு பட்டியலாவது வேணும்ல?

பட்டியலுக்கு மதிப்பு இருக்கு. 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000க்கும் மேற்பட்டவர்கள் பதிவேற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளை மதிப்பிட்டது. அதுல பெரும்பாலானவங்க நம்மள மாதிரி சாதாரண ஆட்கள்தான்.

நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான். போன்ல இ-பேர்ட் ஆப் போடுங்க. ஒரு இடத்துல குறைஞ்சது 15 நிமிஷம் நின்னு, பார்த்த, கேட்ட எல்லாப் பறவையையும் எண்ணிக்கையோட எழுதி அன்னிக்கே ஏத்துங்க. காக்கா, மைனாவையும் விட்டுடாதீங்க. பெயர் தெரியலன்னா யூகிச்சு எழுதாதீங்க. கூட்டுக்குப் பக்கத்துல போகாதீங்க. ஹியூம் மாதிரி சுட வேண்டிய அவசியம் நமக்கு இல்ல.

வருஷா வருஷம் தமிழ்நாடு முழுக்க பொங்கல் லீவுல பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. இந்தப் பொங்கலுக்கு நான் மறுபடியும் எங்க கண்மாய்க்கரையில நிப்பேன், பக்கெட் பக்கம் போகாம. உங்க ஊர்க் கண்மாய்ல யார் நிக்கப் போறீங்க?