கொழும்பு மைதானத்தில் கதிர்காமர்

முறைத் தண்ணீருக்கு மண்டையை உடைத்துக்கொண்ட இரண்டு ஊரார், காவேரிக் கரை உடைந்தால் ஒன்றாய் நின்று மண்மூட்டை அடுக்குவார்கள். திருக்காட்டுப்பள்ளித் தோழர்களுக்கு நாம் இதைச் சொல்லவேண்டியதில்லை. சர்க்கார்களுக்கு அந்தப் புத்தி எப்போதாவதுதான் வருகிறது. லக்ஷ்மண் கதிர்காமர் வாழ்வில் அப்படி ஒரு நாள் உண்டு.

1932-ல் பிறந்த தமிழர். கண்டி திரித்துவக் கல்லூரிக் கிரிக்கெட் அணியின் தலைவர், பிறகு வக்கீல். 1994-ல் இலங்கையின் வெளிநாட்டு மந்திரி. அந்த சர்க்கார் வடக்கே நடத்திய யுத்தத்துக்கு உலகெங்கும் வக்காலத்து வாங்கினார். அதை நாம் ஒப்பியதில்லை.

1996 ஜனவரி 31-ல் கொழும்பு மத்திய வங்கியைப் புலிகளின் குண்டு தகர்த்தது. மாண்டவர் சுமார் 90 பேர். வங்கிக் குமாஸ்தாவின் உயிரும் யாழ்ப்பாணத்து உழவன் உயிரும் நமக்கு ஒன்றே. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை சேர்ந்து நடத்தும் உலகக் கோப்பைக்கு இரண்டே வாரம். எத்தனை காவல் தருவதாகச் சொல்லியும் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன.

காஷ்மீரத் தகராறில் முகம் திருப்பிக்கொண்டிருந்த இந்தியாவும் பாகிஸ்தானும் அப்போது ஒரே அணியாக வந்தன. பிப்ரவரி 13-ல் அசாருதீன் தலைமையில் வாசிம் அக்ரமும் டெண்டுல்கரும் ஒரே பக்கம் நின்று ஆடினார்கள். மெய்க்காவலர் தடுத்தும் கதிர்காமர் மைதானத்தில் இறங்கி அவர்களுக்கு நன்றி சொன்னார். இலங்கை தோற்றது, அன்று அதற்காக யார் அழுதார்கள்! ஆட்டம் அமைதியாக முடிந்ததே, அது போதாதா?

மார்ச் 17-ல் லாகூரில் ஆஸ்திரேலியாவையே வென்று இலங்கை கோப்பையை எடுத்துச் சென்றது.

2005 ஆகஸ்ட் 12-ல் கதிர்காமர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். போர்நிறுத்த ஒப்பந்தம் அப்போது அமலில் இருந்தது.