மணலை வென்ற பாக்னால்ட்

1896-இல் இங்கிலாந்திற் பிறந்த ரால்ப் பாக்னால்ட், சமிக்ஞைப்படை உத்தியோகஸ்தராய் எகிப்து சென்றவர். ஏனையோர் கேளிக்கையிற் கழித்த விடுமுறைகளில் இவர் ஃபோர்டு மோட்டாரேறி லிபியப் பாலைவனத்துட் புகுந்தார். புதைந்த சக்கரங்களை மீட்க, கெய்ரோவின் பழஞ்சாமான் கடையிற் கிடைத்த இரும்புத் தகடுகளை அடியிலிட்டார். வண்டியின் இரும்பு காந்த ஊசியைத் திரியச் செய்தமையால், சூரியனது நிழலால் திசையறியும் கருவியை அமைத்தார். கொதித்தெழும் நீராவியையும் குளிர்வித்து மீண்டும் நீராக்கினார். அங்கே ஒரு குடம் நீர் ஓர் உயிரன்றோ!

யாவினும் கொடியது மணற்குன்றின் முகடே. ஏறுதற்கு வேகம் வேண்டும். அவ்வேகத்தோடே முகட்டைக் கடப்பின் மறுபுறச் செங்குத்துச் சரிவில் வண்டி தலைகீழாய் விழும்.

இவ்வனுபவமே 1940-இல் இவர் நிறுவிய பாலைவனப் படைக்குத் துணையாயிற்று. மணல் நகரும் விதத்தை விளக்கி 1941-இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1990-இல் மறைந்தார். செவ்வாய்க் கிரகத்து மணற்குன்றுகள் சில இவர் பெயரைத் தாங்குகின்றன.